குட்டையாக நின்ற செடிகள்

என் வீட்டுக்காரருக்கு ஈர மனசு. செடிகளிடம் மட்டும்.

எங்கள் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஓர் அறை. அதில் குடியிருப்பது ஒரு கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் மீன், நிறையத் தண்டுச் செடி. என் அப்பாவோ இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, தம்பி வீட்டு ஹாலில் போவோர் வருவோர் கால் நடுவே படுத்திருக்கிறார். அவரை இந்த அறைக்குக் கூட்டி வரலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், மீன் வளர்ப்போர் சங்கத்தின் போட்டி முடியட்டும் என்றார் இவர். இப்போது தொட்டியை நகர்த்தினால் செடி வாடிவிடுமாம். மாமனார் வாடினால் பரவாயில்லை போலிருக்கிறது.

யார் தொட்டியில் செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் நிற்கிறது என்பதுதான் போட்டி. அதற்கு மந்திரம் ஒன்றும் தேவையில்லை. நல்ல வெளிச்சம் வேண்டும். வளர வளர நுனியைக் கத்தரித்து மண்ணில் ஊன்ற வேண்டும். வெட்டின தண்டில் பக்கக் கிளை விட்டுப் புதராகிவிடும். மீனுக்குத் தீனி போடுவதோடு சரி என்றிருக்கிற எனக்கே இது தெரியும். இவருக்கோ கத்தரியை எடுக்கவே மனசு வராது. "பாவம், நல்லா வளந்து வருது, அதப் போய் வெட்டறதா?" என்பார். அவர் கொடுத்த செல்லத்தில் செடிகள் ஒட்டடைக் குச்சியாய் வளர்ந்து, கீழே மொட்டையாகி, தண்ணீருக்கு மேலே தலை நீட்டின.

நடுவர் வருகிற வாரம் பார்த்தால், அத்தனையும் திடீரென்று குட்டையாகிவிட்டன. வெட்டிவிட்டாரோ என்று நானே ஏமாந்து போனேன். எங்கே வெட்டினார்? மண்ணை மேடாகக் குவித்து, நீளத் தண்டுகளைச் சுருட்டி உள்ளே புதைத்து, நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். இவர் வேலை பார்க்கிற கூரியர் ஆபீஸில் மேலதிகாரி வந்தால் டெலிவரி ஆகாத பார்சலை மேஜைக்கடியில் தள்ளுகிற அதே சாமர்த்தியம். அதிர்ச்சியில் தண்டு வெளியே வந்துவிடாமல் கதவை மெதுவாகச் சாத்தவேண்டும் என்று எனக்கு உத்தரவு வேறு.

நடுவராக வந்தவர் ஒரு பல் டாக்டர். குனிந்து பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார். உடனே இவர் தன் பராமரிப்பைப் பற்றி அளக்க ஆரம்பித்தார். பாதிப் பேச்சில் மண்ணுக்குள்ளிருந்து குமிழி கிளம்பியது. பின்னாலேயே ஒரு செடி, கறுத்து அழுகின நீளத் தண்டை இழுத்துக்கொண்டு மெல்ல மேலே மிதந்தது. டாக்டர் இடுக்கியை வாங்கி இன்னொன்றைப் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. அறை முழுக்க அழுகின முட்டை நாற்றம்.

"உள்ள மொத்தமும் சொத்தைங்க" என்றார். பரிசுப் பேச்சே எடுக்காமல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கையோடு அப்பாவுக்குப் போன் செய்து, அறை காலியாகிறது, நாளைக்கே வந்துவிடுங்கள் என்றேன். அப்பா தயங்கினார்.

"வேணாம்மா. மாப்பிள்ளை போன வாரமே பேசிட்டாரு. என்னை வெச்சுப் பாத்துக்கறது உனக்குக் கஷ்டம், அதச் சொல்ல நீ சங்கடப்படறேன்னாரு. நான் தப்பா எடுத்துக்கல."

என் சிரிப்பு நின்றுவிட்டது. பெற்ற மகளுக்கே பாரமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் ஒரு வாரமாக அங்கே படுத்திருந்திருக்கிறார். நான் பேசியபோதெல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

போனோடு அறைக்குள் போனேன். இவர் முழங்கை வரை ஈரமாக, மிதக்கிற தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போனை அவர் காதில் வைத்து அழுத்தினேன்.

"அப்பா லைன்ல இருக்காரு. பொய் சொன்னேன்னு நீங்களே சொல்லுங்க."

"மாமா..." என்றார். நான் போனை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை.