நெற்றி விளக்கு

தூரத்து ஏ.எம். நிலையங்களைப் பிடிக்கும் பைத்தியம் என் வீட்டுக்காரருக்கு. ரேடியோ இரைகிறது என்று ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்; பால் திரிந்தது. ஃபேனை நிறுத்தினார், நான் வெந்தேன். கடைசியில் கரண்டே இல்லாத கடற்கரைக்கு என்னையும் இழுத்து வந்தார். அங்கேயும் அதே இரைச்சல்.

"உன் செல்போனை அணைச்சியா இல்லையா?" என்று என் பக்கம் திரும்பிக் கத்தினார். ரேடியோ முள்ளைப் பார்க்க அவர் எப்போதும் நெற்றியில் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. விளக்கு என் கண்ணைக் கூச வைத்தது.

"அது அப்பவே அணைச்சாச்சு. முதல்ல இதை அணைங்க!" எட்டி அதன் பொத்தானை அமுக்கினேன்.

இரைச்சல் சட்டென்று நின்றது. ரேடியோவில் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் தெளிவாகப் பாடினாள்.

அவர் நெற்றி விளக்கைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சொன்னார்:

"இதை நீ வீட்டுலயே செஞ்சிருந்தா பால் திரிஞ்சிருக்குமா?"