தூங்குமூஞ்சிக் குட்டி

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் ஒருநாள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "குதிரை வளர்க்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? அதேதான் நடந்தது. அவர் மனைவி சத்தம் போடவில்லை. சிங்க்கில் கிடந்த பாத்திரம் முழுவதையும் தேய்த்து, துடைத்து, அடுக்கி முடித்தாள். பிறகு ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இது என் தம்பி வேலைதானே?"

தம்பி வேலையேதான். அவன் சின்ன வயசிலிருந்தே பந்தயக் குதிரைகளின் லாயத்தில் வேலை பார்த்தவன். குதிரையின் காது திரும்புகிற விதத்தைப் பார்த்தே அதன் மனசைச் சொல்லிவிடுவான். மனுஷர்கள் முகம் மட்டும் அவனுக்குப் பிடிபடாது. அதனால் அக்காள் கொதித்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துச் சரியாக வந்து மாட்டிக்கொள்வான். அன்றைக்கும் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "அக்கா, மாமா சொல்லிட்டாரா? மூணு குதிரை பேசி முடிச்சாச்சு!" என்றான்.

அவள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். பத்தொன்பது வருஷ சர்வீஸ். "நாள் முழுக்க பிரசவம் பார்த்துட்டு வர்றேன், வீட்டுலயும் பிரசவமா? என்னமோ பண்ணுங்க. ஆனா அந்த லாயத்துப் பக்கம் நான் காலெடுத்து வைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஊர் ஓரத்தில் மூடிக் கிடந்த ஒரு பால் பண்ணைதான் லாயமானது. தகரக் கூரை, ஆறு தடுப்புகள், ஒரு தண்ணீர்க் குழாய், மூலையில் தீவன அறை, பின்னால் வேலி போட்ட புல்வெளி. மூன்று குதிரைகளும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெட்டைகள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்து யாரையும் மதிக்காமல் நிற்பவள் சீமாட்டி. கறுப்பி பெயருக்கேற்ற நிறம், பெயருக்கு மேலான சாது. மூன்றாவது குதிரைக்கு வயசு அதிகம் என்பதால் மூத்தவள் என்றே பெயர் நிலைத்தது.

டிரைவர் நினைத்தது எளிதாக இருந்தது. ஆண் குதிரையைக் கொண்டுவருவது, பதினொரு மாதம் காத்திருப்பது, குட்டி வருவது. பெரிய பண்ணையிலிருந்து பொலிக்குதிரை லாரியில் வந்து இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. சீமாட்டி அதைப் பார்த்த பார்வையில் அது இரண்டடி பின்னால் போனது. குறுக்கே போன டிரைவரின் தொடையில் சீமாட்டி விட்ட உதை, ஒரு மாதம் அவரைச் சாய்ந்து சாய்ந்து நடக்க வைத்தது. "என்ன மச்சான் இது, பிரேக் எங்க இருக்குன்னே தெரியலையே!" என்று அவர் முனக, மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த வருஷம் கறுப்பி மட்டும்தான் சினையானாள். டிரைவர் அவளைத் தரையில் விடாத குறையாகப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் வாளியைக் கையால் துழாவிப் பார்த்துத்தான் வைப்பார். வைக்கோலில் தூசி தட்டுவார். யாரும் இல்லாதபோது, பஸ்ஸில் ஏறுகிற முதியவர்களிடம் பேசிய அதே குரலில், "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல" என்று அவளிடம் பேசுவார்.

எட்டாவது மாதம், ஒரு மத்தியானம், கறுப்பிக்குக் கருக்கலைந்தது.

குட்டியை அவரே புல்வெளி ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார். வீட்டுக்கு வந்து பின்பக்கக் குழாயில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் வெளியே வந்து குழாயை மூடினாள்.

"நஞ்சுக்கொடி முழுசா வந்துச்சா?"

"எது?"

"சரியாப் போச்சு. தம்பி பார்த்தானா?"

"அவன் ஒரு மூலையில உட்கார்ந்து அழுதுட்டிருக்கான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். லாயத்துக்குள் நுழைந்து, தம்பியை எழுப்பி, வாளியில் கிடந்த நஞ்சுக்கொடியைத் தரையில் விரித்து, கிழிந்த சட்டையின் துண்டுகளை ஒட்டிப் பார்ப்பதுபோல ஓரம் ஓரமாகச் சரிபார்த்தாள். "ஒரு துண்டு உள்ள தங்கினாலும் காய்ச்சல் வந்துரும்டா. தாயையும் விட்டுராதீங்க" என்றாள். எதுவும் தங்கவில்லை என்று உறுதியான பிறகு கறுப்பியின் பக்கத்தில் போய் நின்றாள். அதுவரை எந்தக் குதிரையையும் தொட்டதில்லை. கழுத்தில் கைவைத்தாள். கறுப்பி தலையைத் தாழ்த்தி அவள் தோளில் சாய்த்துக்கொண்டது.

"எட்டு மாசம் சுமந்துட்டு வெறுங்கையோட நிக்கிறியேம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள். "வேலைக்குப் போற வழிதானே" என்பாள். ஆஸ்பத்திரி நேர் எதிர்த் திசையில் இருந்தது. அக்காளிடம் அதைச் சொல்லிக் காட்டும் தைரியம் மச்சினனுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

அடுத்த முறை சீமாட்டி மனசு இறங்கினாள். சினையானாள். பதினொரு மாதமும் நல்லபடியாகப் போயிற்று. குதிரைகள் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் ஈனும் என்பதால் கடைசிப் பத்து நாட்களும் மச்சினன் லாயத்திலேயே பாய் போட்டுக் காவல் இருந்தான். சீமாட்டி அசையவில்லை. பதினோராம் நாள் காலை ஏழரை மணிக்கு அவன் வைக்கோல் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியதுதான் தாமதம், சீமாட்டி படுத்தாள்.

டிரைவர் கைபேசியில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். இருபது வருஷமாகக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். "பத்து பதினஞ்சு நிமிஷத்துல வந்துரும், பயப்படாதீங்க. வெள்ளையா ஒரு பை தெரியும், அதுக்குள்ள கால் தெரியும். நான் வர முக்கால் மணி ஆகும்" என்றார்.

டிரைவர் குனிந்து பார்த்தார். தெரிந்தது வெள்ளை இல்லை. சிவப்பு. வெல்வெட் துணி மாதிரி கருஞ்சிவப்பு.

அந்த நேரம் ராத்திரி ட்யூட்டி முடிந்து, யூனிபாரத்தோடு, தோளில் சாப்பாட்டுப் பையோடு அவள் உள்ளே வந்தாள். ஒரே பார்வைதான். பை எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

"நஞ்சு முன்னாடி வருதுங்க! குட்டிக்கு மூச்சு கிடையாது. கத்திரி, கத்திரி!"

"எங்க இருக்கு?"

"தீவன ரூம்ல, சாக்கு வெட்டுறதுக்குத் தொங்கவிட்டிருக்கீங்களே!"

அவர் ஓடிய ஓட்டம் அவர் தொடைக்கே ஞாபகம் இருக்கும். அவள் மண்டி போட்டு, அந்தச் சிவப்புப் பையை வெட்டிக் கிழித்து, உள்ளே கைவிட்டு இரண்டு கால்களைப் பிடித்தாள். "ஒண்ணை நீங்க பிடிங்க. அவ முக்கும்போது மட்டும் இழுங்க. இப்ப. நிறுத்துங்க. இப்ப!" சீமாட்டி என்ற பெயரெல்லாம் மறந்துபோய் அந்தப் பெரிய உடம்பு முனகியது. நாலே நிமிஷத்தில் குட்டி வழுக்கிக்கொண்டு இருவர் மடியிலும் விழுந்தது. ஆண் குட்டி. அசைவில்லை.

அவள் மூக்கைத் துடைத்தாள். சாக்கால் விலாவைத் தேய்த்தாள். ஒரு வைக்கோல் குச்சியை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டுக் குடைந்தாள். "மூச்சு விடுறா. விடுறா ராஜா. வார்டுல என்னைப் பார்த்துச் சிரிக்க வச்சிராத" என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். குட்டி தும்மியது. மறுபடியும் தும்மியது. விலா ஏறி இறங்கியது. டிரைவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் சந்தோஷம் அரை மணி நேரம்தான். குட்டியைத் தூக்கி நிறுத்தினால் நின்றது. நின்று நேராகச் சுவரிடம் போய்ச் சுவரை நக்கியது. தாய் கனைத்துக் கூப்பிட, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல மறுபக்கம் திரும்பியது. மடியில் வாயை வைத்துக் கொடுத்தாலும் சப்பத் தெரியவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணுக்குள் ஆளில்லை. சீமாட்டி, யாரையும் மதிக்காத சீமாட்டி, குட்டி பின்னாலேயே போய்ப் போய் முகர்ந்துகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வந்து சோதித்தார். சீம்பாலைக் கறந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொடுத்தார். பிறகு விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "மெத்துன்னு ஒரு நீளமான கயிறு வேணும்" என்றார்.

வைக்கோலோடு அப்போதுதான் திரும்பியிருந்த மச்சினன், "கயிறா? எதுக்கு?" என்றான்.

"வயித்துக்குள்ள இருக்கிறவரைக்கும் குட்டி அரைத்தூக்கத்துல இருக்கும். இல்லைன்னா உள்ளயே ஓட ஆரம்பிச்சு தாய் வயித்தை உதைச்சுக் கிழிச்சிரும். வெளிய வர்ற வழியில உடம்பு நசுங்குது பாருங்க, அதுதான் 'எழுந்திரு'ன்னு சொல்ற செய்தி. இவன் அவசரமா வந்துட்டான். செய்தி போய்ச் சேரலை. இன்னும் உள்ளதான் இருக்கோம்னு நினைச்சிட்டிருக்கான். கயித்தால நெஞ்சைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சு, இன்னொரு தடவை அந்த வழியில கூட்டிட்டு வந்து பார்க்கலாம்."

"முப்பது வருஷமா குதிரையோட இருக்கேன், இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே" என்றான் மச்சினன்.

"எல்லாக் குட்டிக்கும் பலிக்காது. பலிச்சா லாபம். கயித்தைக் கொடுங்க."

நெஞ்சைச் சுற்றி மூன்று சுற்று. கயிற்றின் முனையை டிரைவர் கையில் கொடுத்து, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காட்டினார். அவர் இழுத்தார். குட்டியின் கால்கள் மடங்கின. மெல்லச் சரிந்து வைக்கோலில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டது.

"செத்துட்டானா?" என்றார் டிரைவர்.

"தூங்குறான். அப்படியே பிடிங்க. இருபது நிமிஷம். விடாதீங்க, இன்னும் இறுக்காதீங்க."

நெரிசலில், மழையில், பிரேக் பிடிக்காத சரிவில் எத்தனையோ மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள். இப்போது ஒரு கயிற்று முனையைப் பிடித்திருந்தன. அவள் பக்கத்தில் குந்தியிருந்து சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு ஆச்சு?"

"ஆறு."

"இப்ப?"

"ஆறுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் கேட்டா எப்படிங்க?"

அப்புறம் அவள் தன் கையை அவர் கைமேல் வைத்துக் கயிற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் நேரம் கேட்கவில்லை.

"விடுங்க" என்றார் டாக்டரம்மா.

கயிறு தளர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போது குட்டியின் ஒரு காது திரும்பியது. அடுத்த காது. தலை எழுந்தது. சுற்றிலும் பார்த்தது, நிஜமாகவே பார்த்தது. யார் இவர்களெல்லாம் என்ற பார்வை. பிறகு வாயைத் திறந்து மெலிசாக, உடைந்த ஊதல் மாதிரி ஒரு கனைப்பு. சீமாட்டி பதிலுக்குக் கனைத்த சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

குட்டி யார் உதவியும் இல்லாமல் எழுந்தது. முதலில் டிரைவரின் முழங்காலைச் சப்பிப் பார்த்தது, சரியில்லை என்று தள்ளியது. அடுத்து தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில் தேடியது. சீமாட்டி மூக்கால் அதன் பின்பக்கத்தை நெட்டி வழிகாட்டினாள். கொஞ்ச நேரத்தில் 'ச்சப், ச்சப்' என்று சத்தம் கேட்டது.

"தூசி" என்று மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாரும் கேட்கவே இல்லை.

மச்சினன் வைத்த பெயர்தான் தூங்குமூஞ்சி. அந்தப் பெயரைப் பொய்யாக்குவதே வேலை என்று அது வளர்ந்தது. மூன்று மாதத்தில் தாழ்ப்பாளைப் பல்லால் தள்ளத் தெரிந்துகொண்டது. தீவன அறைக்குள் புகுந்து மூட்டையைக் கிழித்தது. டாக்டரம்மாவின் ஊசிப் பையைக் கவ்விக்கொண்டு புல்வெளியை இரண்டு சுற்று ஓடியது. ஆறு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்தபோது சீமாட்டி இரண்டு நாள் கத்தினாள். டிரைவரின் மனைவி, இப்போது லாயத்துக்கும் நர்ஸம்மா, ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து அவளுக்கு உடம்பு தேய்த்து விட்டாள். குட்டியைச் சமாதானம் செய்தது மூத்தவள். அதுவரை ஒரு குட்டியும் போடாத மூத்தவளை விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மச்சினன், தூங்குமூஞ்சி அவள் வயிற்றுக்கடியில் நின்று தூங்கியதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறு வருஷம் கறுப்பி, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் குட்டி போட்டாள். இவர்கள் கிளாஸைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. "பாரு, சொல்லாமக் கொள்ளாம!" என்று நர்ஸம்மா கறுப்பியைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் பண்ணை என்றால் விற்றாக வேண்டும். தூங்குமூஞ்சிக்கு மூன்று வயசு ஆனபோது குதிரையேற்றப் பள்ளி நடத்துகிற ஒரு பெண் வந்து பார்த்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. நர்ஸம்மா மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல விசாரித்தாள். தனியாக விடுவீர்களா, கூட்டாக விடுவீர்களா? தண்ணீர் எத்தனை வேளை? அடிப்பீர்களா? கடைசியாக, "தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்றாள்.

"வெளிப்பக்கம்."

"எந்தப் பக்கம் இருந்தாலும் திறந்துருவான். பூட்டு போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தீவன அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அவனைக் கொண்டுபோகும் லாரியை வேறு யாரும் ஓட்ட டிரைவர் சம்மதிக்கவில்லை. தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்த பாத்திரத்தை ஏற்றிப் போகிற மாதிரி ஓட்டினார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார்.

பள்ளியில் கதவைத் திறந்ததும் தூங்குமூஞ்சி சரிவுப் பலகையில் இறங்கி, காற்றை முகர்ந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குதிரைகளைப் பார்த்துக் கனைத்தான். அவிழ்த்துவிட்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"திரும்பிக்கூடப் பார்க்கலை பாருங்க" என்றாள் நர்ஸம்மா.

"பார்த்திருந்தா நான் திருப்பி ஏத்திட்டு வந்திருப்பேன்" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். மூக்கைச் சிந்தினாள். திரும்பும்போது மூன்று பேரும் முன்சீட்டிலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். இந்த வருஷம் சீமாட்டிக்கு எந்தப் பொலிக்குதிரை என்று மச்சினன் ஆரம்பித்தான். "கொஞ்சம் பொறுமையான குதிரையாப் பார்றா" என்றாள் அக்காள். "பொறுமையானதை அவளுக்குப் பிடிக்கணுமே" என்றான் அவன். இருவரும் வாய் ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்க, டிரைவர் காலி லாரியை, இப்போது சாதாரண வேகத்தில், லாயத்தை நோக்கி ஓட்டினார். சாயங்காலத் தீவனத்துக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.