எனக்குச் சுகர்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் காலர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. மூன்றாவது மாடி வரை படியேறி வருவதற்குள் இப்போதெல்லாம் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை, வேளைக்கு வேளை பாகு மாதிரி டீ, யார் வீட்டில் நல்லது நடந்தாலும் கேக். டாக்டர் யாரும் எச்சரிக்கவில்லை. அவளாகவேதான் ஒருநாள் முடிவெடுத்தாள், சர்க்கரையைக் குறைத்துக்கொள்வதென்று.

முடிவெடுப்பது சுலபம். மற்றவர்கள் விட வேண்டுமே!

"சக்கரை கம்மியா போடுங்கண்ணே" என்றால் டீக்காரர், "கலந்தே கொண்டாந்துட்டேனே, நாளைக்குப் பாப்போம்" என்பார். அந்த நாளை வந்ததே இல்லை. பட்டன் தைக்கிற அம்மா பேரனின் பிறந்தநாள் கேக்கை நீட்டினாள். வேண்டாம் என்றதற்கு, "ஒரு துண்டுல பெருத்துடுவியா? புள்ளைய வாழ்த்த மனசு வரலியா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் கூடத்தில் வேண்டாம் என்ற சொல்லுக்கு மரியாதையே கிடையாது.

ஒரு காலை, எல்லா மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. டீக்காரர் கேனோடு வந்தார். "எனக்கு சுகர் வேண்டாம்!" என்று அவள் கத்தினாள். பின்பாதியை மிஷின்கள் விழுங்கிவிட்டன.

"ஐயையோ, உனக்கு சுகராம்மா? இந்த வயசுலயா?" என்று டீக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து மிஷின்கள் நின்றன. அவள் திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ஆபீஸ் ரூமுக்கென்று தனியாக வைத்திருந்த பிளாஸ்கிலிருந்து சர்க்கரை போடாத டீயை ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். இத்தனை நாள் கெஞ்சியும் கிடைக்காதது. திறந்த வாயை மூடிக்கொண்டு டம்ளரை வாங்கினாள்.

அதன் பிறகு யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பட்டன் அம்மாவே கேக்கை அவள் கண்ணில் படாமல் மறைத்துக் கொண்டுபோனாள். சூப்பர்வைசர் மட்டும் ஒருநாள் குனிந்து அவள் காலைப் பார்த்து, "மரத்துப்போகுதா? பெடல் மிதிக்க முடியுதில்ல?" என்று கேட்டார். முடியுது சார் என்றாள். படியேறும்போது மூச்சுகூட லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. பொய்யென்று எதுவும் சொல்லவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பிறகுதான் கட்டர் அக்கா வந்தாள்.

துணியை அடுக்கடுக்காகப் போட்டு மின்கத்தியால் வெட்டுகிறவள் கட்டர் அக்கா. அவள் கை பிசகினால் மொத்த அடுக்கும் பாழ். அதனால் சூப்பர்வைசரே அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அந்த அக்கா மாடிப்படியில் அவளை மறித்து, கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தாண்டி. ரொம்ப நாளா. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது" என்றாள்.

காலருக்குத் திக்கென்றது. "அக்கா, நான்…"

"பேசாதே. மயங்கி விழுந்தார்னு அயர்ன்காரரை மறுநாளே பேக்கிங் ரூமுக்குத் தள்ளிட்டாங்க, பாத்தேல்ல? எனக்குன்னு தெரிஞ்சா கத்தியப் புடுங்கிடுவாங்க. யார்கிட்டயும் வாயத் திறக்க முடியாமத் தவிச்சேன். நல்லவேளை, நீ கெடச்சே."

அக்காவின் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

மறுநாளிலிருந்து இருவருக்கும் ஒரே பிளாஸ்க். "காலர் பாவம், துணைக்கு நானும் சக்கரைய விட்டுட்டேன்" என்று அக்கா ஊருக்கெல்லாம் சொன்னாள். என்ன மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் காலர் கிளம்புவாள். மத்தியானம் அக்கா தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளும்போது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

ஒருநாள் அக்கா கைப்பைக்குள் மறைத்து, ரத்தம் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்தாள். கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருவர் விரலிலும் குத்தினாள். தன்னுடைய அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். காலருடையதைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"எப்படிடி? ஒண்ணுமே இல்லாதவ மாதிரி இருக்கே! என்ன மாத்திரை?"

"மாத்திரையெல்லாம் இல்லக்கா" என்றாள். ஒரு நாளாவது உண்மை பேசிய நிம்மதி அவளுக்கு.

அந்த உண்மைதான் வினையாகிப் போனது. அடுத்த வாரம் அக்கா தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைக் கசக்கிக் கசக்கி வெட்டினாள். ஒரு மத்தியானம் கத்தி கோட்டை விட்டு விலகி, சட்டை முதுகுகள் அத்தனையும் கோணலாகிப் போயின. காலர் ஓடிப்போய் அவளைப் படிக்கட்டுக்கு இழுத்துவந்து, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள்.

"மாத்திரைய நிறுத்திட்டேன். நீ மாத்திரையே இல்லாம நல்லாத்தானே இருக்கே?"

"எனக்கு சுகரே இல்லக்கா!" அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். மிஷின் சத்தம், டீக்காரர், பிளாஸ்க். "காலைல முதல் வேலையா டாக்டரப் பாருங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

அக்கா அடிப்பாள் என்று நினைத்தாள். அக்காவோ சுவரில் சாய்ந்து அவளை வெறித்துப் பார்த்தாள். "வெறும் டீக்காகவாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் சூப்பர்வைசர் கோணல் துணியோடு வந்து நின்றார். "யார் வேலை இது?"

அக்கா அவரைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். பிறகு, "காலருக்குத் தலை சுத்திடுச்சு சார். என் மேல சாஞ்சா. தாங்கிப் பிடிக்கப் போய் கத்தி வெலகிடுச்சு" என்றாள்.

அழுது சிவந்த கண்ணும் வீங்கிய முகமுமாக நின்றிருந்தவளைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். "எனக்கு அப்பவே சந்தேகம். மிஷின்ல விழுந்து கைய கிழிச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர். "நாளையிலருந்து நீ பேக்கிங்குக்குப் போயிடு."

இல்லை சார் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பக்கத்தில் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கத்தியப் புடுங்கிடுவாங்க என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது; சரி சார் என்றாள் காலர்.

பேக்கிங் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரம் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். சட்டையை மடித்து, உறையில் போட்டு, பெட்டியை டேப் போட்டு ஒட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஆனால் நாள் நகரவே நகராது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் அவளுக்கு மிஷின் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் உனக்கு ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்குக் கத்தி ஏன் விலகியது என்பார் சூப்பர்வைசர். அதற்குப் பதில் ஒன்றுதான், அக்காவின் சுகர். அதைச் சொல்லத் துணிவில்லாமல் சீட்டு எடுக்கவே போகவில்லை.

மாதம் முடியும் தறுவாயில் அக்கா வந்து வாசலிலேயே நின்றாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணைக் கசக்கவில்லை.

"ஒழுங்கா மாத்திரை போடறேன். அளவு எறங்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நல்லதுக்கா."

"உன்னை இங்க தள்ளிட்டு எனக்கு ராத்தூக்கமே இல்லடி."

"அப்ப அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா."

அக்கா அறையைச் சுற்றிலும் பார்த்தாள். பெட்டிகளை, குழல்விளக்கை, மூலையில் தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்த அயர்ன்காரரை.  காலர் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, டேப்பை இழுத்துப் பெட்டியை ஒட்டினாள்.

"கட்டிங்ல தேடுவாங்க, போங்கக்கா" என்றாள்.