திட்டாத அம்மா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக மேற்பார்வை பார்க்கிறேன். ஆறு பெரிய இயந்திரங்கள் ஒரே நேரத்தில் சுற்றுகிற இடத்தில் யாரும் குசுகுசுவென்று பேச முடியாது. "அந்தப் போர்வையைக் கொஞ்சம் கொண்டு வர்றீங்களா" என்று இதமாகக் கேட்டால் போர்வை வராது. "ஏ எருமை, காதை எங்கயாவது கழட்டி வச்சுட்டு வந்துட்டியா?" என்று ஒரு சத்தம் போட்டால் போர்வையும் வரும், கூடவே ஒரு சிரிப்பும் வரும். துணி மடிக்கிற அக்கா என்னை ராட்சசி என்பாள். நான் அவளைப் பூதம் என்பேன். போன வருஷம் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டது அந்தப் பூதம்தான்.

வீட்டிலும் இதே வாய்தான். என் மகளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, பள்ளிக்கூடத்தில் கூப்பிட. நான் கூப்பிட்டதெல்லாம் வேறு. எழுப்பும்போது கழுதை, தலை வாரும்போது குரங்கு, சாப்பிட அடம் பிடித்தால் பிசாசு. கீழே விழுந்துவிட்டால் மட்டும் மூதேவி. "மூதேவி, கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஓடுற? ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று முழங்காலை ஊதிவிடுவேன். அந்த மூதேவியைக் கேட்டால்தான் அவளுக்கு அழுகை நிற்கும்.

அதுவே வினையாகப் போயிற்று.

அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்து எட்டு மாதமாகிறது. அவர் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். புத்தகம் புரட்டுகிற சத்தமே அவருக்கு அதிகம். நான் பாத்திரத்தை வைத்தாலும் சத்தம், கதவைச் சாத்தினாலும் சத்தம். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும், நன்றாகத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். எனக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆளில்லை. அதனால் மகள் அவரிடம் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து ஆறு வரை என்னிடம் இருப்பது என்று ஆயிற்று. நானும்தான் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறது என்று. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், "சீக்கிரம் செருப்பைக் கழட்டு எருமை" என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. சுவரையா திட்ட முடியும்? பெரிய விடுமுறைக்குப் பதினைந்து நாள் அவளை என்னிடம் விடுங்கள் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டிருந்தேன். அவரும் சரி என்றுதான் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் அந்தக் கூத்து நடந்தது. விளையாட்டு நேரத்தில் ஒரு பெண் குழந்தை விழுந்திருக்கிறது. என் மகள் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, முழங்காலை ஊதி, "எந்திரி மூதேவி, ஒண்ணும் ஆகல" என்று சொல்லியிருக்கிறாள். விழுந்ததற்கு அழாத அந்தக் குழந்தை இதற்கு ஊரைக் கூட்டிவிட்டது. டீச்சர் கூப்பிட்டுக் கேட்டதற்கு என் மகள், "எங்கம்மா இப்படித்தான் சொல்லுவாங்க, வலி போயிடும்" என்றாளாம்.

டீச்சர் சொல்லிக் கேட்டும் அவள் அப்பா என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"உன் மனசுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா ஏழு வயசுப் பிள்ளை. நாளைக்கு எல்லார்கிட்டயும் இப்படியே பேசி வாங்கிக் கட்டிக்கப் போறா. நாலு ஞாயிறு பார்ப்போம். ஒரு வார்த்தை வரக் கூடாது. வரலைன்னா பதினஞ்சு நாள் கூட்டிட்டுப் போ."

"வந்தா?"

"வந்தா லீவு இங்கதான்."

நாலு ஞாயிறுதானே, வாயைக் கட்டிப்போட்டால் போகிறது என்று நினைத்தேன். கட்டிப்போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, அதற்குள் எவ்வளவு இருந்தது என்று. முதல் ஞாயிறு, "செல்லம், தயவுசெய்து கையைக் கழுவிட்டு வாம்மா" என்றேன். அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று. இரண்டாவது ஞாயிறு சுவரில் பேனாவால் யானை வரைந்தாள். "ரொம்ப அழகா இருக்கு தங்கம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஈரத் துணி எடுத்து வந்து தானே துடைத்தாள். மூன்றாவது ஞாயிறு அவள் ஒன்றுமே உடைக்கவில்லை, சிந்தவில்லை. நாற்காலியில் கால் தொங்கப் போட்டுக்கொண்டு, வேற்று வீட்டுக்கு வந்த பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள். பிள்ளை திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பரவாயில்லை, இன்னும் ஒரே ஞாயிறு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து அவள் உடுப்புக்கென்று ஒதுக்கினேன். அவள் உயரத்துக்குச் சுவரில் ஒரு ஆணி அடித்துத் துண்டு மாட்டினேன். பதினைந்து நாளும் மதியத்தோடு வேலையை முடித்துக்கொள்ள அனுமதி வாங்கினேன், காலையில் பார்த்துக்கொள்ளப் பூதம் தன் மகளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டது. அந்த வாரம் முழுவதும் நான் இயந்திரங்களுக்கு நடுவில் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

நாலாவது ஞாயிறு பத்து மணிக்குப் போன் வந்தது. துணி தேய்க்கிற ரோலரில் நிற்கிற ஆள் வரவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு தீர்ந்துவிட்டது, இரண்டு மணி நேரம் வந்துவிட்டுப் போ என்றார்கள். பிள்ளையை எங்கே விடுவது? கூட்டிக்கொண்டு போனேன்.

போகும் வழியிலேயே பூதத்துக்குப் போன் பண்ணி, இன்றைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தேன். உள்ளே நுழைந்தால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல ஆளாளுக்கு மரியாதை. "வாங்க, வணக்கம், சாப்பிட்டீங்களா" என்று பூதம் என்னைப் பார்த்துக் கேட்டாள். பாய்லர் பார்க்கிற அண்ணன் குழாயில் தலையை இடித்துக்கொண்டு, வாய்வரைக்கும் வந்ததை விழுங்கி, "ஆஹா... நல்லது... மிக்க நன்றி" என்று குழாயிடமே சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"இங்கயும் இப்படித்தான் பேசுறீங்களா?" என்று கேட்டாள். ரொம்ப ஏமாந்துபோன குரல்.

அவளை மூலையில் மடித்த போர்வைகளின் மேல் உட்காரவைத்துவிட்டு ரோலரில் நின்றேன். ஈரமான விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் சூடான உருளைகளுக்குள் போய் அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். கவனம் பிசகினால் கையையும் அதேபோல இழுக்கும். அடுத்த விரிப்பை எடுக்க ஒரே ஒரு நிமிஷம் திரும்பினேன். நிமிர்ந்து பார்க்கிறேன், மகள் என் இடத்தில் நிற்கிறாள். உதவி செய்கிறாளாம். விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி உருளையை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். விரலுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"கையை எடுடி சனியனே!"

எந்த அடிவயிற்றிலிருந்து வந்ததோ, ஆறு இயந்திரத்தையும் மீறிக் கேட்டது. அவள் கையை விட்டாள். நான் பாய்ந்து இழுத்தேன். பூதம் சிவப்பு விசையைத் தட்டினாள். ரோலர் நின்றது. விரல் பத்தையும் எண்ணிப் பார்த்தேன், திரும்பவும் எண்ணிப் பார்த்தேன். "அறிவு இருக்காடி எருமை? கை போயிருந்தா நான் என்னடி பண்ணுவேன், பிசாசே, தறுதலை" என்று என்னென்னவோ வந்துகொண்டே இருந்தது. நிறுத்த முடியவில்லை. அழுகையும் நிற்கவில்லை.

அவள் பயந்துதான் போயிருந்தாள். அப்புறம் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்.

"உனக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன்மா."

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான் டீச்சர் மாதிரி பேசின."

மீதி நேரம் முழுக்க அவள் வாய் ஓயவே இல்லை. பஸ்ஸில் வரும்போது, பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு டூ விட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்து, எந்தப் பல் ஆடுகிறது என்பதுவரை எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள், பாவி. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ திட்டினதை நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். மறைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆறு மணிக்கு அவர் கதவைத் திறந்தார். அவள் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்.

"இன்னைக்கு அம்மா எப்படிப் பேசினாங்க?"

"நல்லாப் பேசினாங்கப்பா. ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லல."

கண்ணைச் சிமிட்டாமல், அவர் முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னாள். ஏழு வயசில் அவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை நான் கேட்டதில்லை. அவர் நம்பிவிட்டார். முகமெல்லாம் மலர்ந்துபோய், உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். ஏற்கெனவே துணி அடுக்கி வைத்திருக்கிறார் மனுஷன்.

"வெள்ளிக்கிழமையே கூட்டிட்டுப் போ. பல் தேய்க்கத்தான் சோம்பேறித்தனம், பார்த்துக்கோ."

பையைக் கையில் வாங்கிவிட்டேன். மகள் என்னைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் சிரித்தாள், கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அந்தச் சிரிப்புதான் என்னை ஆட்டிவிட்டது. கழுதை, குரங்கு என்று எத்தனையோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொய் சொல்லக் கற்றுக் கொடுத்ததில்லை. என்னோடு இருப்பதற்காக இந்தப் பிள்ளை இனி எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்ததும் பை கனத்தது.

"அவ சொல்றது பொய்ங்க" என்றேன். "இன்னைக்குத் திட்டினேன். ரோலர்கிட்ட கையைக் கொண்டு போயிட்டா. சனியனேன்னு கத்தினேன். இன்னும் நிறைய கத்தினேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சனியன் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "ரோலரா? பிள்ளையை அங்கயா கூட்டிட்டுப் போன?" அவள் கைகளை இழுத்து விரல் விரலாகப் பார்த்தார், நான் பார்த்த மாதிரியே. பிறகு பையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"லீவு வேணாம். இந்த வருஷம் வேணாம். ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வா."

நான் தலையாட்டினேன். மகள் தலையாட்டவில்லை. ஓடிவந்து என் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? நான்தான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல! லூசு! பைத்தியம்! எல்லாத்தையும் கெடுத்துட்ட, போடி!"

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கண்டிக்க வேண்டியவள் நான்தான். என்னால் முடியவில்லை. கீழே உட்கார்ந்துகொண்டேன், அவள் குத்துவதற்கு வாகாக. தெரிந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். சொல்லச் சொல்ல வார்த்தை தீர்ந்து, வெறும் அம்மா அம்மா என்று ஆகிவிட்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தெருவில் நடந்து போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆறே கால் ஆயிற்று. அவள் கைகளை என் கழுத்திலிருந்து அவர்தான் பிரித்தார். என்னால் அது ஆகவில்லை.