செங்காயில் சுட்ட பிஸ்கட்

என்னைப் பெண் பார்க்க வரப்போகும் மாப்பிள்ளை தம்பிதுரைக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதாம். அமெரிக்கா போய் நாலு வருஷம் ஆனவருக்கு முறுக்கு எப்படித் தொண்டையில் இறங்கும்? வாழைப்பழமும் ஓட்ஸும் போட்டுச் சுட்ட பிஸ்கட் என்றால் உயிர் என்று அவர் அம்மா போனில் சொல்லிவிட்டார். அன்று முதல் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீடு அமர்க்களப்பட்டது.

ஓட்ஸ் என்பது என் அம்மாவுக்குக் காய்ச்சல்காரர்களின் கஞ்சி. மாப்பிள்ளை தின்கிறார் என்றதும் அதற்கு எங்கிருந்தோ மரியாதை வந்துவிட்டது. கோயமுத்தூருக்கு ஆளை அனுப்பி இரண்டு டப்பா வாங்கி வரச் செய்தார்.

"பொண்ணு கையால செஞ்சதுன்னு சொல்லோணும். நீயே பண்ணீரு கண்ணு."

பண்ணினேன். எனக்கு வேளாண்மைக் கல்லூரியில் எம்.எஸ்சி. இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. இந்தச் சம்பந்தம் முடிந்தால் அந்தக் கடிதத்தை அடுப்பில்தான் போட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டமுங்க" என்று இருபத்திரண்டு வருஷம் பழகிய வாய். அதனால் அந்த வேலையைப் பிஸ்கட்டிடம் விட்டேன்.

நன்றாகப் பழுத்த பூவன் தார் தொங்கிக்கொண்டிருக்க, துவர்ப்புப் போகாத செங்காயாகப் பார்த்துப் பறித்து மசித்தேன். சர்க்கரை போடவில்லை. உப்பைத் தாராளமாகப் போட்டேன். குக்கரில் மணலைக் கொட்டி, வெயிட்டைக் கழற்றி, தட்டை உள்ளே வைத்து, அடி கருகும் வரை பொறுமையாகக் காத்திருந்தேன். வீட்டில் யாரும் ருசி பார்க்கவில்லை. விருந்தாளிக்கு முன்னால் நாம் வாய் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"அட, என்ன ருசிங்க!" என்றார். இன்னும் இரண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். தரகர் தலையாட்டியபடியே விழுங்கினார். தம்பிதுரை மூன்று தின்றார்.

"பையனுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குதுங்க" என்றார் அவர் அம்மா. இவ்வளவு நல்ல மனிதர்கள் உலகத்தில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நவநாகரிகக் குடும்பம் அல்லவா, தனியே பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். பின்புறம் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றோம்.

"பிஸ்கட் எப்படீங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"நெசமாச் சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வாயில வைக்க முடியலீங்க. எனக்கு ஓட்ஸே புடிக்காதுங்க. ஒருக்கா அம்மாகிட்ட நல்லா இருக்குதுன்னு போன்ல சொல்லிப்போட்டேன். அதுலிருந்து இப்படித்தானுங்க."

"அப்புறம் ஏன் மூணு தின்னீங்க?"

"வேண்டாம்னா நீங்க சங்கடப்படுவீங்கல்லங்க."

"என்னையப் புடிச்சிருக்குதுன்னு சொன்னதும் அதே மாதிரித்தானுங்களா?"

அவர் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல் தாண்டிப் போயும் ஒரு பிஸ்கட்டை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆளா என்று இளக்காரமாக நினைத்தேன். நினைத்த வேகத்திலேயே அது என் மேல் திரும்பியது. வாயால் சொல்ல வக்கில்லாமல் உப்பைப் போட்டுச் சொல்லப் பார்த்தவள் நான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் சாகும் வரை "நல்லா இருக்குதுங்க" என்றே காலத்தை ஓட்டிவிடுவோம்.

உள்ளே தரகர் வெற்றிலைத் தட்டை நகர்த்தத் தயாராக உட்கார்ந்திருந்தார். அப்பா ஒப்புக்குக் கேட்டார்.

"என்ன அம்மணி, உனக்குச் சம்மதந்தானே?"

எல்லாரும் சிரித்த முகமாக என்னைப் பார்த்தார்கள். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். மென்று பார்த்தேன். அத்தனை பேர் முன்னாலும் கையில் துப்பினேன்.

"வாயில வைக்க முடியலீங்கப்பா. கல்யாணமும் வேண்டாமுங்க. நான் படிக்கப் போறனுங்க."

தரகர் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தம்பிதுரை மட்டும் சொம்பை எடுத்து, ஒரே மூச்சில் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.