ஈறுக்கு முறைத் தண்ணீர்

குடவாசல் பக்கம் முப்பத்தைந்து வருடம் வாய்க்கால் ஷட்டர்களைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்த இராஜாங்கம், ஓய்வு பெற்றதும் தன் உடம்பை நிர்வாகம் செய்யத் தொடங்கினார். சர்க்கரை வந்துவிடும் என்று பழத்தை நிறுத்தினார். வாயு என்று காய்கறியையும் நிறுத்தினார். ஒரு வருடமாக மோர்சாதமும் வடகமும்தான். ஈறில் ரத்தம் கசிந்து முன்பல் ஆடியதும் மனிதர் கதிகலங்கிப் போனார். அறுபத்திரண்டு வயதில் முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கர்வம்.

"வைட்டமின் சி குறைஞ்சுபோச்சுங்க. தினமும் நெல்லிக்காய், கொய்யா சாப்பிடுங்க. உடம்பு அதை ரொம்ப நாள் தேக்கி வச்சுக்காது," என்றார் டாக்டர் ஜஸீலா. "வயித்துக்குப் போயி, ரத்தத்துல கலந்து, அப்பறந்தான் ஈறுக்கு வரும்."

"வாய் வழியாத்தானே போவுது? வழியில இருக்குற ஈறுக்கு அப்பயே பாயாதா?"

"பாயாதுங்க."

இராஜாங்கத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஈறு கடைமடை, வாய்க்காலின் கடைசி வயல். குடலும் ஈரலும் முன்னாலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. தினம் கொஞ்சம் விட்டால் கடைசி வரை எங்கே எட்டும்? வாய்க்காலில் செய்வதுபோல் முறை வைத்துத் திறக்க வேண்டியதுதான். ஆறு நாள் மூடல், ஏழாம் நாள் முழுத் திறப்பு. காலண்டரில் குறித்துக் கையெழுத்தும் போட்டார்.

ஏழாம் நாள் அறுபது நெல்லிக்காயை ஒரே மூச்சில் தின்றார். கண்ணாடி முன் வாயைத் திறந்து, ஈறுக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். மதியம் கரை உடைந்தது. கழிப்பறைக்குப் பதினோரு நடை. மனைவி செவ்வந்தி உப்புச்சர்க்கரைக் கரைசலோடு கதவுக்கு வெளியே நின்றாள்.

"உடைப்பெல்லாம் சகஜம். அடுத்த முறையில சரி பண்ணிடலாம்," என்றார் உள்ளேயிருந்து.

மூடல் நாட்களில் அவள் கொய்யா நறுக்கிக் கொண்டுவந்தால் கையை நீட்டித் தடுத்தார். இரண்டாம் திறப்புக்கு முந்தின நாள், வடகத்தைக் கடித்தபோது முன்பல் கழன்று மோர்சாதத்தில் விழுந்தது.

"நாளைக்கித் திறப்பு வச்சிருந்தனே!" என்றார். அழுகை வந்துவிட்டது.

செவ்வந்தி பிறந்தது, அவர் வேலை பார்த்த அதே வாய்க்காலின் கடைசி ஊரில்.

"எங்கப்பா தண்ணி கேட்டு வந்து நின்னப்பவும் இதையேதான் சொன்னீங்க, நாளைக்கி முறைன்னு. தண்ணி வந்துச்சு, இல்லங்கல. பயிருதான் இல்ல."

மாமனார் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இராஜாங்கத்துக்கு இப்போதுதான் அவமானமாக இருந்தது. சோற்றிலிருந்து பல்லை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அவள் அன்றும் நறுக்கி வைத்திருந்த கொய்யாத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, கடைவாயால் மெல்லத் தொடங்கினார்.