கொஞ்சம் புகை விடுங்க

என் அக்காவின் கணவர் சரக்கு ரயில் ஓட்டுநர். அவர் ஓட்டத் தகுதி பெற்றிருந்தது ஒரே வகை டீசல் எஞ்சினை. அந்த வகையில் பணிமனையில் மிச்சமிருந்தது ஒன்றுதான். அது பழுதாகி நின்றால் ரிப்பேர் கிடையாது, நேரே உடைக்க அனுப்பிவிடுங்கள் என்று உத்தரவு வந்திருந்தது. மாமா ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. எஞ்சின் அதுவரை தாங்கினால் ஓட்டுநராகவே வீட்டுக்குப் போவார். தாங்காவிட்டால் பணிமனைச் சாவி அறையில், சாவி கொடுத்து வாங்கும் நாற்காலி.

எனக்கு அச்சகத்தில் வேலை. விடுமுறை நாளெல்லாம் பழைய எஞ்சின்களைப் படமெடுப்பேன். இந்த எஞ்சினை மட்டும் நாற்பத்தொரு படம் எடுத்திருந்தேன். ஒன்றிலும் புகை இல்லை. புகையில்லாத படத்தைக் காட்டினால், "பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததா?" என்று கேட்பார்கள் என்னைப் போல எஞ்சின் படமெடுக்கும் ஆட்கள்.

புதன்கிழமை மாமாவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு ஏத்தத்து வளைவுல நிப்பேன் மாமா. என்னைப் பாத்ததும் கொஞ்சம் புகை விடுங்க."

"ஏன் மாப்ள, அது என்ன பீடியா?"

"ஒரே ஒரு தடவை."

"அதுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது. உங்க அக்காவைத் தாஜா பண்ற மாதிரி பண்ணி ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"இப்ப விட்டா இனி எப்ப மாமா?"

"சரி, வந்து நில்லு" என்றார்.

வியாழன் காலை பத்தே காலுக்கு வந்தது, பின்னால் முப்பத்திரண்டு பெட்டி. மாமா ஜன்னலில் கையசைத்தார். வேக நெம்புகோலைப் படிப்படியாகத்தான் நகர்த்த வேண்டும். அவர் ஒரே இழுப்பில் கடைசிவரை இழுத்துவிட்டார் போல. கரும்புகை மரங்களுக்கு மேலே எழுந்தது. பதினொரு படம் எடுத்தேன்.

பிறகு, இரும்புத் தகடுகளை மாடிப்படியில் கொட்டியது போல ஒரு சத்தம். புகை வெளுத்தது. வண்டி ஊர்ந்து, நின்றது.

மேட்டில் ஏறி ஓடினேன். மாமா எஞ்சினைக் கிளப்பும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். உதவி ஓட்டுநர் அவர் தோளைத் தொட்டு, "விடுங்கண்ணே" என்றார்.

"நான் என்ன செய்யட்டும் மாமா?"

"என்ன செய்வ? கேமராவைக் கீழ வச்சிட்டுத் தள்ளப் போறியா?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் கேட்டுத்தான் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"குடு. சாவி அறையும் கிடைக்காது, வீட்டுக்கு அனுப்பிடுவான். பேசாம இருடா."

பேசாமல் இருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் புது எஞ்சின் ஒன்று வந்து முன்னால் கோத்துக்கொண்டது. அதில் ஏறி ஓட்ட மாமாவுக்கு அனுமதியில்லை. செத்த எஞ்சினிலேயே, தன் இடத்திலேயே உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தபோது தலையை வெளியே நீட்டினார்.

"படமாவது நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு மாமா" என்றேன். அதில் பொய்யில்லை.